எவர்சில்வரில் கண்ட எதிர்காலம்: டீசல்பங்க், ஓர் எளிய அறிமுகம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளி ஓவியப் போட்டியில் ‘2000-ஆம் ஆண்டில் நம் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் பறக்கும் பஸ் வரைந்தேன். இரண்டு இறக்கை, பின்னால் நெருப்பு கக்கும் குழாய். படிக்கட்டில் கண்டக்டர் நின்றார். தோளில் தோல் பை, விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள், வாயில் விசில். கீழே ஒரு வீட்டு மாடியில் ஒருவர் கைக்கடிகாரத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கடிகாரத்திலிருந்து சுருள் சுருளாக ஒரு ஒயர் தொங்கி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனது.

அம்மா அந்தப் படத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த ஒயர் கண்ணில் பட்டது. பஸ் பறக்கும் என்று யோசிக்க முடிந்த பையனுக்கு, ஒயர் இல்லாமல் போன் பேசலாம் என்று யோசிக்க வரவில்லை. வானத்தில் பறந்தாலும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கக் கண்டக்டர் வேண்டும். 2000-ஆம் ஆண்டைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் அதை வரைந்த வருடம் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

டீசல்பங்க் என்ற கலைவகையைப் புரிந்துகொள்ள அந்தச் சுருள் ஒயரிலிருந்து தொடங்கலாம். இணையத்தில் இந்தச் சொல் படாதபாடு படுகிறது. துருப்பிடித்த லாரி, கியர் சக்கரம் ஒட்டிய தொப்பி, தோல் ஜாக்கெட், புகை கக்கும் ஏதோ ஒரு இயந்திரம் என எதைப் பார்த்தாலும் டீசல்பங்க் என்று பெயர் ஒட்டிவிடுகிறார்கள். ஸ்டீம்பங்க்கில் கொஞ்சம் கறுப்பு எண்ணெய் ஊற்றினால் டீசல்பங்க் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வகை இது. அதனால் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய எதிர்காலம்

முந்தைய தலைமுறைகள் ‘எதிர்காலம் இப்படித்தான் இருக்கும்’ என்று கற்பனை செய்ததை இன்று எடுத்து ரசிப்பதற்கும், அதே கண்ணோட்டத்தில் புதிதாகக் கதை, படம், விளையாட்டு படைப்பதற்கும் ரெட்ரோ ஃபியூச்சரிசம் என்று பெயர். தமிழில் ‘பழைய எதிர்காலம்’ என்று வைத்துக்கொள்வோம்.

எந்தக் காலத்தின் கனவை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து இதில் பல கிளைகள். 19-ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொண்டு நிலக்கரி, கொதிகலன், பித்தளைக் குழாய்களால் ஓர் உலகத்தைக் கட்டினால் ஸ்டீம்பங்க். 1945-க்குப் பிறகு வந்த அணுசக்தி மோகத்தை எடுத்துக்கொண்டால் ஆட்டம்பங்க். இரண்டுக்கும் நடுவில் இருப்பது டீசல்பங்க். முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-க்கும் இடைப்பட்ட கால இயந்திரங்களையும், அழகுணர்ச்சியையும், நம்பிக்கையையும், பயத்தையும் வைத்துக் கட்டிய பழைய எதிர்காலம் அது. சிலர் 1950-களின் தொடக்கம் வரை இழுப்பார்கள். அதில் பெரிய சண்டை வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1927-இல் ஜெர்மனியில் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற மௌனப் படத்தை டீசல்பங்க் என்று பலர் சொல்கிறார்கள். வானுயர்ந்த கட்டிடங்கள், அவற்றுக்கு நடுவே பறக்கும் விமானங்கள், பூமிக்கடியில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் தொழிலாளர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது அந்தக் காலத்தவர்களே தங்கள் எதிர்காலத்தைக் கண்ட நேரடிக் கனவு. டீசல்பங்க் பிற்காலத்தில் பிறந்தவர்களின் வேலை. அந்தக் கனவு கடைசியில் எங்கே போய் முட்டியது என்று தெரிந்துகொண்டே, அதற்குள் திரும்ப நுழைகிறவர்கள் இவர்கள். ‘மெட்ரோபோலிஸ்’ இந்த வகைக்குத் தாய்வீடு என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பெயரில் பாதி: டீசல்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றைச் சட்டென்று நெருக்கினால் அது சூடாகும். டீசல் இன்ஜினின் அடிப்படை இவ்வளவுதான். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை, பதினைந்தில் ஒரு பங்கு அல்லது இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால், சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் பொறி வைக்க இருக்கும் ஸ்பார்க் பிளக் இதில் தேவையே இல்லை.

கிணற்று மேட்டில் பழைய டீசல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முதலில் மேலே உள்ள சின்ன லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைப் போட்டு நன்றாகச் சுற்றுவார்கள். சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிடுவார்கள். அதுவரை காற்று தப்பித்து வெளியே போய்க்கொண்டிருந்தது. லீவர் விழுந்த நொடியில் அடைபட்டு நெருங்குகிறது. ‘டப்’ என்று முதல் சத்தம், ஒரு கறுப்புப் புகை, அப்புறம் இன்ஜின் தன் போக்கில் ஓடும்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இதை ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக அந்த இன்ஜின் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்களில் பெரும்பாலானவை பத்தில் ஒரு பங்கோடு நின்றவை.

சரி, டீசல்பங்க் உலகத்தில் எல்லாமே டீசலில் ஓடுகிறதா? இல்லை. இது புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். அந்தக் காலத்துப் போர் விமானங்களும் கார்களும் பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடின. பெயரில் உள்ள ‘டீசல்’ ஒரு காலத்துக்கான அடையாளம். நிலக்கரியின் இடத்துக்கு எண்ணெய் வந்த காலம் அது. எண்ணெய் வந்ததும் கொதிகலன் வேண்டாம், தண்ணீர்த் தொட்டி வேண்டாம், கரி அள்ளிப் போட ஆள் வேண்டாம், நீராவி சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இயந்திரத்தின் எடை குறைந்தது. எடை குறைந்ததால் அது வானத்தில் ஏறியது, சேற்றில் ஊர்ந்தது, கடலுக்கடியில் போனது. விமானம், டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல் மூன்றும் போரைத் தலைகீழாக மாற்றியதற்கு இந்த எடைக் குறைவு ஒரு பெரிய காரணம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: டீசல்பங்க் ஒரு பழைய எதிர்காலம், அதன் காலம் இரண்டு உலகப் போர்களை ஒட்டியது, ‘டீசல்’ என்பது எண்ணெய் யுகம் முழுவதையும் குறிக்கும் அடையாளம்.

மீதிப் பாதி: பங்க்

1970-களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய முரட்டு இசைக்குப் பங்க் என்று பெயர். மேலிருப்பவர்களை மதிக்காத கலகக்குரல் அது. 1980-களில் கம்ப்யூட்டர் உலகத்தின் அடித்தட்டு மனிதர்களைப் பற்றிய அறிவியல் கதைகளுக்குச் சைபர்பங்க் என்று பெயர் வந்தது. 1987-இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், அதே அச்சில் ஸ்டீம்பங்க் என்ற சொல்லைப் போட்டார். 2001-இல் லூயிஸ் போலாக் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர், தம்முடைய மேசை விளையாட்டு ஒன்றை விவரிக்க டீசல்பங்க் என்றார். ஆக, இந்த வகையில் சேர்க்கும் பல படைப்புகளைவிடப் பெயர்தான் வயதில் சின்னது.

பெயர் ஒட்டிக்கொண்ட கதை இவ்வளவுதான். ஆனால் ‘பங்க்’ என்ற பாதியை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் பழைய கார்க் கண்காட்சி. அந்தப் பாதிக்கு மறுபடி வருகிறேன்.

எவர்சில்வர் யுகம்

நம் வீட்டுத் தட்டும் டம்ளரும் செய்கிற எவர்சில்வர், இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்த்த எஃகு. இன்று அதைப் பார்த்தால் சமையலறைதான் ஞாபகம் வரும். 1930-இல் அது எதிர்காலத்தின் உலோகம். துருப்பிடிக்காது, பாலிஷ் போட வேண்டாம், வெயில் பட்டால் கண் கூசும். டீசல்பங்க் அழகியலை எனக்குப் பிடித்த வழியில் விளக்க வேண்டும் என்றால் இந்த உலோகத்தைப் பின்தொடர்ந்து போவேன்.

முதல் நிறுத்தம் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டிடம். 1930-இல் முடிந்தது, 319 மீட்டர் உயரம். அதன் உச்சியில் அடுக்கடுக்காக வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் சூரியக் கதிர் போல முக்கோண ஜன்னல்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஊசி. உச்சி முழுவதும் எவர்சில்வர் தகடு. 31-ஆவது மாடியின் மூலைகளில், அந்தக் காலத்துக் கிரைஸ்லர் காரின் ரேடியேட்டர் மூடி போலவே இறக்கை வைத்த பெரிய உருவங்கள். கோயில் கோபுரத்தில் பூதங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இங்கே கார் உதிரி பாகம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலம் எதைக் கும்பிட்டது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தப் பாணிக்கு ஆர்ட் டெக்கோ என்று பெயர். 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து வந்த பெயர்; பரவலானது 1960-களில். நேர்கோடு, மின்னல் போல மடிந்து மடிந்து போகும் கோடு, சூரியக் கதிர், இரு பக்கமும் ஒரே அளவு, விலையுயர்ந்த பொருள்கள். நியூயார்க் கட்டிடங்கள் மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுங்குவதும் ஆர்ட் டெக்கோவின் அடையாளமாகிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்பதற்காக, உயரே போகும் கட்டிடங்கள் உள்வாங்க வேண்டும் என்று 1916-இல் அந்த நகரம் விதி போட்டது.

அந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. அதே நேரத்தில் வால் ஸ்ட்ரீட்டில் இன்னொரு கட்டிடம் உயரப் போட்டிக்கு எழும்பிக்கொண்டிருந்தது. கிரைஸ்லர் கட்டிடத்துக்காரர்கள் 56 மீட்டர் ஊசியைக் கட்டிடத்தின் உச்சிக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் வைத்து, 1929 அக்டோபர் 23 அன்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மேலே தூக்கி நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அக்டோபர் 24. நியூயார்க் பங்குச் சந்தை சரியத் தொடங்கிய நாள். உலகத்திலேயே உயரமான எவர்சில்வர் ஊசி நின்ற அடுத்த நாளே கீழே தெருவில் பணம் கரைய ஆரம்பித்தது. டீசல்பங்க் கதை எழுதுகிறவருக்கு இதற்கு மேல் ஒரு தொடக்கக் காட்சி கிடைக்காது.

இரண்டாவது நிறுத்தம் ஒரு ரயில். பொருளாதாரம் படுத்து, அமெரிக்காவில் வேலை தேடுபவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம். ரயிலில் ஏறவும் ஆள் இல்லை. அப்போது பர்லிங்டன் ரயில் கம்பெனி ‘ஸெஃபைர்’ என்ற மூன்று பெட்டி ரயிலைக் கொண்டுவந்தது. ஸெஃபைர் என்றால் கிரேக்கக் கதைகளில் மேற்குக் காற்று. முழு உடம்பும் எவர்சில்வர். பெயின்ட் இல்லை. பக்கவாட்டில் நீள நீளமாக வரிகள், நம் எவர்சில்வர் டம்ளரில் சுற்றிப் போகும் வரிகள் போல. மூக்கு சரிந்து வளைந்திருக்கும். உள்ளே 600 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்.

1934 மே 26, விடிகாலையில் டென்வரில் கிளம்பி, எங்கும் நிற்காமல் 1,633 கிலோமீட்டர் ஓடி, 13 மணி 5 நிமிடத்தில் சிகாகோ போய்ச் சேர்ந்தது. வழக்கமான ரயிலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். வழியில் அதிகபட்ச வேகம் மணிக்கு 181 கிலோமீட்டர். உள்ளே ஒரு கழுதைக் குட்டியும் பயணம் செய்தது. ஒரு பத்திரிகை அன்பளிப்பாகக் கொடுத்தது. மாலையில் சிகாகோவில் நடந்துகொண்டிருந்த உலகக் கண்காட்சியின் மேடைக்கே ரயில் நேராகப் போய் நின்றது. இன்றும் சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

அந்தச் சரிந்த மூக்குக்கு ஸ்ட்ரீம்லைன் என்று பெயர்: காற்று தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்படி உடம்பைச் செதுக்குவது. மீனும் தண்ணீர்த் துளியும் அப்படித்தான் இருக்கின்றன. ரயிலுக்கும் விமானத்துக்கும் அது தேவை. ஆனால் அந்தக் காலத்தவர்கள் அதோடு நிற்கவில்லை. ரேமண்ட் லோவி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர், மேசையில் வைத்துச் சுற்றும் பென்சில் சீவியைத் துளி வடிவத்தில் பளபளவென்று செய்து காட்டினார். பென்சில் சீவி எங்கேயும் பறந்து போவதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அதே வளைவுகள் வந்தன. இங்கேதான் பாணி என்பது என்னவென்று புரியும். வேலைக்காகப் பிறந்த வடிவம், நம்பிக்கைக்கான சின்னமாக மாறிவிட்டது. வீட்டில் வேலை இல்லை, கையில் காசு இல்லை, ஆனால் சமையலறையில் இருக்கும் பெட்டிகூட நாளையை நோக்கி ஓடுவது போலத் தெரிகிறது.

சுருக்கமாக: ஆர்ட் டெக்கோ நிமிர்ந்து நிற்கும் பெருமிதம், ஸ்ட்ரீம்லைன் படுத்துப் பாயும் வேகம். டீசல்பங்க்கின் கண்ணுக்குத் தெரியும் பகுதி பெரும்பாலும் இந்த இரண்டால் ஆனது.

கடிகாரத்தை எங்கே நிறுத்துவது?

இப்போது அசல் இயக்கமுறைக்கு வரலாம். பழைய பொருள்களை அடுக்கினால் மட்டும் பழைய எதிர்காலம் வந்துவிடாது. அதைப் படைக்கிறவர் இரண்டு காரியம் செய்கிறார். ஒரு குறிப்பிட்ட கண்டுபிடிப்புக்கு முன்னால் கடிகாரத்தை நிறுத்துகிறார். அப்புறம், நிறுத்திய இடத்தில் இருந்த மற்ற எல்லாவற்றையும் தொடர்ந்து வளரவிடுகிறார்.

டீசல்பங்க்கில் நிறுத்தும் இடம் பெரும்பாலும் டிரான்சிஸ்டர். மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டிச் சுவிட்ச் அது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவை வால்வுகள். தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே பல்பு போன்ற கண்ணாடிக் குடுவைகள் சிவந்து சூடேற வேண்டும். 1945-இல் கட்டி முடித்த எனியாக் என்ற கம்ப்யூட்டரில் அப்படிப்பட்ட வால்வுகள் 17,468 இருந்தன. எடை சுமார் 30 டன்.

இப்போது டிரான்சிஸ்டர் வராத உலகத்தில் கதையை வளர்த்துப் பாருங்கள். மூளை உள்ள எந்த இயந்திரமும் சிறுத்துப்போக வழியில்லை. யோசிக்கும் ரோபோ வேண்டுமா? அது ஒரு வீட்டளவு இருக்கும், சூட்டில் தகிக்கும், மின்சாரத்துக்குத் தனி டீசல் ஜெனரேட்டர் கேட்கும். அந்த எடையைத் தூக்க இரும்புக் கால்கள், கால்களுக்கு இன்னும் பெரிய இன்ஜின், இன்ஜினுக்குப் புகைபோக்கி. டீசல்பங்க்கில் எல்லாம் ராட்சச அளவில் இருப்பதற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான். ஓவியருக்குப் பெரிதாக வரையப் பிடிக்கும் என்பதால் மட்டும் வந்தது இல்லை. நல்ல படைப்பில் இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கும். என் படத்தில் பஸ் பறந்தும் ஒயர் தொங்கியதே, அதே கணக்கு; ஒரே வித்தியாசம், இங்கே ஒயரைத் தெரிந்தே தொங்கவிடுகிறார்கள்.

இரண்டாவது வழியும் உண்டு: நிஜத்தில் தோற்றுப்போன திட்டத்தை ஜெயித்ததாக வைத்துக்கொள்வது. 1931-இல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் உச்சிக் கம்பம் எதற்காக வந்தது தெரியுமா? ஆகாயக் கப்பல்களை, அதாவது வாயு நிரப்பி மிதக்கும் ராட்சச பலூன் ஊர்திகளை, கட்டிவைக்க. அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் பயணிகள் 102-ஆவது மாடி உயரத்தில் ஒரு பலகை வழியாக இறங்கி, லிஃப்ட் பிடித்துச் சில நிமிடங்களில் நியூயார்க் தெருவுக்கு வந்துவிடலாம் என்று திட்டம். அந்த உயரத்தில் அடிக்கும் காற்று அதை நடக்கவிடவில்லை. ஒரு சின்ன ஆகாயக் கப்பல் சில நிமிடம் கட்டிக்கொண்டு நின்றதோடு சரி. 2004-இல் வந்த ‘ஸ்கை கேப்டன்’ படத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆகாயக் கப்பல் பனி கொட்டும் இரவில் வந்து, அதே கம்பத்தில் அமைதியாகக் கட்டிக்கொண்டு நிற்கும். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் உடம்பு சிலிர்க்கும்.

1937-இல் ஒரு மாதம்

பங்க் என்ற பாதிக்குத் திரும்புவோம். அதைப் புரிந்துகொள்ள 1937-இன் வசந்தத்தில் சில வாரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

ஏப்ரல் 26. ஸ்பெயின் நாட்டின் கெர்னிகா என்ற சின்ன ஊரை ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி எரித்தன. வந்தவற்றில் யுங்கர்ஸ் 52 ரக விமானங்களும் இருந்தன. மூன்று இன்ஜின், வரி வரியாக மடித்த உலோக உடம்பு. பார்க்க அழகான விமானம். லுஃப்தான்சா கம்பெனி பயணிகளை ஏற்றிச் சென்றதும் அதே ரகத்தில்தான்.

மே 6. ‘ஹிண்டன்பர்க்’ ஆகாயக் கப்பல் நியூ ஜெர்சியில் இறங்கும்போது தீப்பிடித்தது. 245 மீட்டர் நீளம். நம் ரயில் பெட்டிகளைப் பத்துக்கு மேல் வரிசையாக நிறுத்திய நீளம். நான்கு டீசல் இன்ஜின்கள். சாப்பாட்டு அறை, சாய்ந்து கீழே பார்க்கும் ஜன்னல்கள், இரட்டைக் கதவு போட்ட புகைபிடிக்கும் அறை. அங்கே சிகரெட் பற்றவைக்க ஒரே ஒரு மின் லைட்டர்தான், ஏனென்றால் தலைக்கு மேலே இருந்தது முழுக்க ஹைட்ரஜன். வால் இறக்கைகளில் நாஜிச் சின்னம். பற்றிக்கொண்டதும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. உள்ளே இருந்த 97 பேரில் 35 பேரும், தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்கள்.

மே 25. பாரிஸில் உலகக் கண்காட்சி திறந்தது. ஜெர்மனியின் கட்டிடமும் சோவியத்தின் கட்டிடமும் நேருக்கு நேர். ஒன்றின் உச்சியில் கழுகு. மற்றதன் உச்சியில் சுத்தியல் ஏந்திய ஆணும் அரிவாள் ஏந்திய பெண்ணும், சுமார் 24 மீட்டர் உயரத்தில், காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே பாய்வது போல. வேரா முகினா செய்த அந்தச் சிலையும் எவர்சில்வர். கிரைஸ்லர் ஊசியும் ஸெஃபைர் ரயிலும் செய்த அதே குரோமியம் நிக்கல் எஃகு. நாளையின் உலோகம் என்று எல்லோரும் நம்பினார்கள். யாருடைய நாளை என்பதில்தான் சண்டை. அதே கண்காட்சியில் ஸ்பெயின் நாட்டின் கூடத்தில், சில வாரங்களில் ஒரு பெரிய ஓவியத்தைத் தொங்கவிட்டார்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். கத்தும் குதிரை, செத்த குழந்தையைத் தூக்கிப் பிடித்த தாய். பிக்காசோவின் ‘கெர்னிகா’.

அதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்னால், ஏப்ரல் 12-ஆம் தேதி, இங்கிலாந்தின் ரக்பி நகரத்தில் ஃபிராங்க் விட்டில் என்ற விமானப்படை அதிகாரி தம்முடைய ஜெட் இன்ஜினை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்திருந்தார். சுழலும் விசிறி விமானங்களின் யுகத்தை முடிக்கப்போகும் இன்ஜின் அது. வெளியில் பெரிதாக யாருக்கும் தெரியாது.

வேகமும் பளபளப்பும் எரிவதும் இப்படி ஒரே மாதத்தில், ஒரே இன்ஜின்களாலும் ஒரே உலோகங்களாலும் நடந்தன. டீசல்பங்க்கில் பங்க் என்பது இதைப் பார்த்துக் கேட்கும் கேள்வி: இந்த அழகான இயந்திரத்தை யார் ஓட்டுகிறார்கள், யார் தலைமேல் ஓட்டுகிறார்கள்? அதனால்தான் இந்த வகைக் கதாநாயகர்கள் பெரும்பாலும் வேலையிழந்த விமானிகள், மெக்கானிக்குகள், கடத்தல்காரர்கள், கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுக்கும் சிப்பாய்கள். ஹயாவோ மியாசாகியின் 1992 அனிமேஷன் படம் ‘போர்கோ ரோஸோ’ என் கண்ணுக்கு இதற்கு நல்ல உதாரணம். முதல் உலகப் போரில் பறந்த ஓர் இத்தாலிய விமானி, பன்றி முகத்தோடு ஏட்ரியாட்டிக் கடலில் சிவப்பு விமானம் ஓட்டுகிறான். முசோலினியின் படையில் சேர மறுக்கிறான். அதில் ராட்சச ரோபோ எதுவும் கிடையாது. கண்டிப்பாக டீசல்பங்க் என்று சொல்லலாமா என்றுகூடச் சிலர் வாதாடுவார்கள். ஆனால் விமானத்தின் மீது காதலும் அதைக் கேட்கும் அரசாங்கத்தின் மீது வெறுப்பும் ஒரே நெஞ்சில் இருப்பதை அவ்வளவு அழகாகக் காட்டிய படம் எனக்கு வேறு தெரியாது.

எது டீசல்பங்க் இல்லை

பாலைவனத்தில் துருப்பிடித்த லாரிகள் துரத்திக்கொள்ளும் கதைகள் வேறு வகை. அங்கே நாகரிகம் ஏற்கெனவே இடிந்துவிட்டது. மிச்சம் பொறுக்கி ஓட்டுகிறார்கள். டீசல்பங்க்கில் தொழிற்சாலைகள் இன்னும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பித்தளைக் கியர்களும் கொதிகலனும் இருந்தால் அது ஸ்டீம்பங்க் பக்கம். எல்லைக்கோட்டில் நிற்கும் படைப்புகள் நிறைய உண்டு, அதில் தப்பில்லை. குழப்பமாக இருந்தால் உலோகத்தைப் பாருங்கள்: பித்தளையும் செம்பும் என்றால் ஸ்டீம்பங்க்; குரோமியம், அலுமினியம், எவர்சில்வர், கறுப்பு பேக்லைட் என்றால் டீசல்பங்க். (பேக்லைட் என்பது பழைய டெலிபோன் செய்த அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்.)

இன்னொரு சந்தேகத்தைப் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இந்த வகையில் நாஜிச் சீருடையும் பிரம்மாண்ட ஊர்வலங்களும் அடிக்கடி வருகின்றனவே, இது அவற்றைக் கொண்டாடுகிறதா? நியாயமான கேள்வி. அந்தச் சர்வாதிகாரிகள் தங்கள் தோற்றத்தைத் திட்டமிட்டு வடிவமைத்தவர்கள். அந்தத் தோற்றத்துக்கு இன்றும் கவர்ச்சி இருக்கிறது. நல்ல டீசல்பங்க் அந்தக் கவர்ச்சியைக் காட்டிவிட்டு, அதன் விலையையும் காட்டும். விலையைக் காட்டாமல் சீருடையை மட்டும் மினுக்குகிற படைப்புகளும் இருக்கின்றன. அவற்றிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கிருந்து தொடங்கலாம்

படம் பார்ப்பவர்கள் மேலே சொன்ன ‘போர்கோ ரோஸோ’விலிருந்து தொடங்கலாம். விளையாடுபவர்களுக்கு 2007-இல் வந்த ‘பயோஷாக்’. கடலுக்கடியில் ஆர்ட் டெக்கோ நகரம்; 1946-இல் கட்டியதாகக் கதை, நாம் உள்ளே போவது 1960-இல். சுவரில் தண்ணீர் கசிய, பாதி எரியும் நியான் விளக்குகளுக்கு நடுவே நடக்கும்போது, ஒரு கனவு எப்படி அழுகும் என்பது கண்முன் தெரியும்.

அந்தக் காலத்தின் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. மும்பை மரைன் டிரைவில் வரிசையாக நிற்கும் ஆர்ட் டெக்கோ வீடுகளையும், 1938-இல் திறந்த ஈராஸ் தியேட்டரையும் 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைக்குப் போனால் போதும். அங்கே மூலையில் நிற்கும் டேர் ஹவுஸ் 1940-இல் முடிந்த ஆர்ட் டெக்கோ கட்டிடம். பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் நானே எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். கிட்டத்தில் நின்றால் முழுக் கட்டிடமும் கண்ணுக்குள் வராது.